வெளி ஹெட்டுக்கு ஏற்ற கேஸ்கட்

டிராக்டர் நின்றதும் டிரெய்லரிலிருந்து முதலில் இறங்கியவர் என் அத்தை. இடுப்பில் பித்தளைப் பானை, தோளில் துணிப்பை, வாயில் வெற்றிலை. திருத்தணி மலைப்பாதையின் ஒரு வளைவு அது; கோயிலுக்கு இன்னும் பாதித் தூரம் இருந்தது.

என்ஜினைச் சுற்றி வெள்ளை ஆவி. புகைப்போக்கியிலும் வெள்ளைதான். கருப்பு வந்தால் டீசல் சரியாக எரியவில்லை. நீலம் வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளை வந்தால் தண்ணீர் நெருப்புக்குள் போய்விட்டது. படித்ததில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லாமல் நினைவிருக்கும் வரிகளில் இதுவும் ஒன்று. அன்று அது நினைவுக்கு வராமல் இருந்திருக்கலாம்.

"இன்னாடி ஆச்சு?" என்றார் அத்தை.

"சூடாயிடுச்சு அத்தை. நீங்க நடந்து போங்க."

"ஊட்லயே சொல்லியிருந்தா பஸ்ல வந்திருப்பேனில்ல. இந்தப் பானைய வேற தூக்கிகினு."

ஒவ்வொருவராக இறங்கினார்கள். மொட்டை அடிக்க வேண்டிய குழந்தையை அக்கா தோளில் போட்டுக்கொண்டாள். பாவா பின்சக்கரத்துக்குக் கீழே ஒரு கல்லை உருட்டி வைத்தார். பாவா என்றால் அக்கா வீட்டுக்காரர். எங்கள் பக்கம் ஆந்திர எல்லையை ஒட்டியிருப்பதால் அப்பா நைனா, அக்கா புருஷன் பாவா.

நைனா மட்டும் சீட்டை விட்டு இறங்கவில்லை. என்ஜின் அணைந்துவிட்டது. பாவா வைத்த கல் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் கால் பிரேக்கிலேயே இருந்தது.

"நைனா, கல்லு வெச்சாச்சு. கால எடு."

"எடுக்கறேன்" என்றார். எடுக்கவில்லை.

ஒரு கேள்விக்குப் பதில்

தொழிற்சாலையில் ரப்பர் வளையங்களை அளந்து தள்ளிய நாட்களைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "உங்கள் வீட்டில் உங்களை என்ஜினைத் தொட விட்டார்களா?" என்று கேட்டிருந்தார். விட்டார்கள். விடாமல் இருந்திருந்தால் இந்த வாரம் எழுத வேறு ஏதாவது நல்ல விஷயம் கிடைத்திருக்கும்.

எங்கள் ஊர் மணவூருக்கும் திருவாலங்காட்டுக்கும் நடுவில். கரும்பும் நெல்லும். நைனாவின் டிராக்டர் எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே வீட்டுக்கு வந்தது. மூன்று சிலிண்டர். அந்த மாடலில் ஒரு விசேஷம், மூன்று சிலிண்டருக்கும் தனித்தனி ஹெட்.

என்ஜின் தெரியாதவர்களுக்காக: கீழே இருப்பது பிளாக். அதற்குள்தான் பிஸ்டன் ஏறி இறங்குகிறது. மேலே மூடி மாதிரி உட்கார்ந்திருப்பது ஹெட். இரண்டும் இரும்பு. இரும்பும் இரும்பும் எவ்வளவு இறுக்கினாலும் முழுக்கச் சேராது. அதனால் நடுவில் ஒரு தகடு வைப்பார்கள். அதுதான் கேஸ்கட். நெருப்பு, தண்ணீர், ஆயில் மூன்றும் ஒன்றோடொன்று பார்த்துக்கொள்ளாமல் அது தடுக்க வேண்டும். ஒரு தோசையின் கனம்கூட இல்லாத பொருளுக்கு அந்த வேலை.

ஒரு கோடையில் உழவின் நடுவே ரேடியேட்டர் கொதித்தது. நைனா கிணற்றுத் தண்ணீரை ஒரு குடம் அப்படியே ஊற்றினார். தாகமாக இருந்தவனுக்குத் தண்ணீர் கொடுப்பது போலத்தான் கொடுத்தார். கொதிக்கும் இரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டு இரண்டு ஹெட்டுகள் விரிசல் விட்டன.

அந்த மாடலைக் கம்பெனி நிறுத்தி வெகு நாளாகிவிட்டது. ஒரிஜினல் ஹெட் எங்கும் இல்லை. அரக்கோணத்தில் இல்லை, திருவள்ளூரில் இல்லை. பழைய இரும்புக் கடைகளில்கூட விரிசல் விட்டவைதான் கிடைத்தன.

கல்லு நட்டுக்கோ

பாவாவுக்கு ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி. நான்கு தறிகளில் இரண்டு துணி போர்த்திக் கிடந்தன. எங்கள் நிலம் ரோட்டோரம் இருப்பதால் மனை போட்டுவிடலாம், அக்காவுக்கும் எனக்கும் ஆளுக்குக் கொஞ்சம் ஒதுக்கிவிடலாம் என்பது அவர் கணக்கு. கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அது சரியான கணக்குதான்.

"மாமா, இந்த ஓட்ட வண்டிய நம்பி எத்தினி நாளு கரும்பு ஓட்டுவீங்க? வாடக டிராக்டருக்குக் குடுத்தா கையில இன்னா நிக்குது?" என்றார் ஒரு நாள், சாப்பாட்டு இலைக்கு முன்னால்.

நைனா ரசத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார். "இந்த சீசன் பாக்கலாம். வண்டி ஓடினா கரும்பு. ஓடலன்னா கல்லு நட்டுக்கோ."

அவ்வளவுதான் பேச்சு. பத்திரம் இல்லை, சாட்சி இல்லை. நைனா ரசம் சாப்பிட்டு முடித்தார். எங்கள் வீட்டில் அவர் ஒன்று சொல்லிவிட்டால் அது நடந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், அந்த இரண்டு ஹெட்டுகளையும் தேடிக் கொண்டுவந்தவர் பாவாதான். விடியலில் கிளம்பிச் சென்னையில் உதிரிபாகக் கடைகளில் அலைந்து, வடக்கே ஏதோ ஒரு வார்ப்பாலையில் செய்தவற்றை எடுத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். சட்டையெல்லாம் கிரீஸ். "ஒரிஜினல் மாதிரியே கீது மாமா" என்று கூடத்தில் இறக்கி வைத்தார். அவர் மனதில் இரண்டு பேர் இருந்திருக்க வேண்டும். ஒருவர் நிலத்தைக் கேட்டார், இன்னொருவர் அதற்கு எதிராகவே பஸ் ஏறினார்.

குங்குமம்

நைனா என்னைக் கூப்பிட்டார். "நீதான படிச்ச. எந்த கேஸ்கட்டுன்னு நீ சொல்லு. தணிகாசலம் கையில கிடைக்கறத மாட்டிடுவான்."

தணிகாசலம் எங்கள் பக்கத்து டிராக்டர்களுக்கெல்லாம் மெக்கானிக். எதற்கும் கலங்காதவர். எந்தக் கோளாறுக்கும் அவரிடம் இருக்கும் மருந்து பசை. "ரெண்டு பக்கமும் சிலாக் தடவி இறுக்கிட்டா சாமி வந்தாலும் கழட்ட முடியாதும்மா" என்பார். பெரும்பாலும் கழற்ற வருவது அவரேதான்.

நான் ஒரு பட்டியல் போட்டேன். கவலை வந்தால் நான் பட்டியல் போடுவேன். சிலர் நகம் கடிப்பது போல.

ஒன்று, சிலிண்டரின் வாய் அகலம். இரண்டு, ஹெட்டில் வால்வுக்காகக் குடைந்த பள்ளத்தின் அகலம். தகட்டின் நெருப்பு வளையம் இந்த இரண்டையும் விட்டு விலகி இருக்க வேண்டும். வளையத்தின் ஓரம் கொஞ்சம் உள்ளே நீண்டாலும் அது பழுத்து எரிந்துவிடும். மூன்று, தண்ணீர் ஓட்டைகள். நான்கு, ஆயில் ஓட்டை. ஐந்து, ஹெட்டின் முகம் தட்டையாக இருக்கிறதா. ஆறு, தகட்டின் கனம். ஏழு, ஹெட்டின் இரும்பு எவ்வளவு கெட்டி.

கம்பெனி செய்யாத வெளி ஹெட் வாங்குகிறவர்கள் செய்யும் வழக்கமான தவறு, டிராக்டர் பெயரைச் சொல்லி கேஸ்கட் கேட்பது. கடைக்காரர் கொடுத்துவிடுவார். அது பிளாக்குக்குச் சரியாக இருக்கும். ஹெட் வேறு யாரோ வார்த்தது என்று அந்தத் தகட்டுக்குத் தெரியாது.

ஓட்டைகளைப் பதிவெடுக்க நீல மை வேண்டும். வீட்டில் அதற்கு எங்கே போவது? அம்மாவின் குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்து ஹெட்டின் முகத்தில் பூசி, செய்தித்தாளை அழுத்தி எடுத்தேன்.

அம்மா வாசற்படியில் நின்று பார்த்தாள். "இன்னாடி, என்ஜினுக்கு நலங்கு வெக்கிறியா? உனக்கு வெக்க வேண்டிய வயசுல."

தாளில் சிவப்பாக ஒரு வட்டம், அதைச் சுற்றிச் சின்னச் சின்ன வட்டங்கள். ஒரிஜினல் ஹெட்டின் பதிவையும் வெளி ஹெட்டின் பதிவையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டு தண்ணீர் ஓட்டைகள் ஒத்துப்போகவில்லை. வெளி ஹெட்டில் அவை பெரிது, கொஞ்சம் தள்ளியும் இருந்தன.

மடியில் மூன்று தகடுகள்

மூன்று வகைத் தகடுகள் கிடைத்தன. டிராக்டர் கம்பெனியின் பழைய தகடு: நெருப்பு வளையம் சரி, ஆனால் தண்ணீர் ஓட்டையின் விளிம்பு ஹெட்டின் பெரிய ஓட்டைக்குள் அந்தரத்தில் நின்றது. ஹெட்டோடு கூடவே வந்த தகடு: ஓட்டைகள் சரி, நெருப்பு வளையம் சிறியது, சிலிண்டருக்குள் எட்டிப் பார்த்தது. மூன்றாவது, அதே கம்பெனியின் பெரிய மாடலுக்கானது. வளையம் தாராளம். தண்ணீர் ஓட்டைகள் சிறியவை, அவற்றைச் சுற்றி வெட்ட இடம் இருந்தது. தகட்டின் ஓட்டையைப் பெரிதாக்கலாம். சிறிதாக்க முடியாது. ஆகவே மூன்றாவது.

அந்த வகையில் சிலிண்டருக்கு ஒன்றாக மூன்றை வாங்கி, வேலை முடிந்து வரும்போது ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பெண்கள் பெட்டியில் எதிரே பூக்காரம்மா ஒருவர் சரம் கட்டிக்கொண்டிருந்தார். காகிதத்தின் ஓரம் விலகியிருந்ததை எட்டிப் பார்த்தார்.

"அது இன்னாம்மா, இடியாப்பத் தட்டா?"

"டிராக்டருக்குங்க."

"அடிப்பாவி. அதுக்கும் பொம்பளதான் வாங்கணுமா?" என்று சொல்லிவிட்டு, ஒரு முழம் மல்லிகையை அந்தப் பொட்டலத்தின்மேல் வைத்தார். வீட்டுக்கு வந்தபோது தகடுகளில் மல்லிகை வாசனை. தணிகாசலம் பொறுப்பாகத் துணி போட்டுத் துடைத்தார்.

கனம் பார்ப்பதற்கு ஈயக் கம்பி. பிஸ்டன் தலையில் ஒரு துண்டு ஈயக் கம்பியை வைத்து, தகடும் ஹெட்டும் போட்டு இறுக்கி, என்ஜினைக் கையால் ஒரு சுற்று சுற்றினால் கம்பி நசுங்கும். நசுங்கிய கனம்தான் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி. குறைந்தால் முட்டும். அதிகமானால் இழுவை போய்விடும். நைனா ஹேண்டிலைச் சுற்ற, நான் கம்பியை எடுத்து அளந்தேன். மூன்று சிலிண்டரிலும் சரியாக வந்தது. அந்த மாலை எனக்கு நினைவிருப்பதற்குக் காரணம், நைனா சிரித்தார்.

ஏழாவது மிச்சம் இருந்தது. கெட்டி பார்க்கும் கருவி வீட்டில் கிடையாது. அரத்தை எடுத்து ஒரிஜினல் ஹெட்டின் மூலையில் ஓர் இழுப்பு இழுத்தேன். வழுக்கியது. வெளி ஹெட்டில் இழுத்தேன். சோப்பில் இழுத்தது மாதிரி பொடி உதிர்ந்தது.

"இது மெத்துனு கீது" என்றேன். "வளையம் இதுல பதிஞ்சி உள்ள போயிடும். அப்புறம் இறுக்கம் நிக்காது."

"புதுசு அப்பிடிதாம்மா இருக்கும்" என்றார் தணிகாசலம். "ஓட ஓட இறுகிடும்."

"இரும்பு அப்பிடி இறுகாதுங்க."

"நாங்கூட இறுகலியா?"

நைனா பட்டியலை வாங்கிப் பார்த்தார். "ஏழுல ஆறு. உன் டிப்ளமாலயே இவ்ளோ வாங்கல நீ." அதற்குமேல் என்ன சொல்ல? வேறு ஹெட் இல்லை.

மாட்டினோம். நான் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன். புதுத் தகடு முதலில் சும்மா ஓடிச் சூடாக வேண்டும், ஆற வேண்டும், போல்ட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். அதுவரை பாரம் கூடாது. நைனா சரி என்றார்.

முதல் ஓட்டம்

எங்கள் பக்கம் என்ஜின் பிரித்துப் பூட்டிய வண்டி வேறெங்கும் போவதற்கு முன் மலைக்குப் போகும். புது வண்டிக்கு மட்டும் இல்லை, வேலை பார்த்த வண்டிக்கும் இதே கதை. எலுமிச்சம்பழம், சந்தனம், ஒரு மாலை. சர்க்கரை ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்துவிட்டது. கரும்பு ஏற்றுவதற்கு முன் மலை முடிய வேண்டும்.

"வெறும் வண்டி. நீயும் நானும் மட்டும். போய் வந்து ஆறினதும் இறுக்கிடலாம்" என்றார் நைனா.

கிளம்புகிற காலையில் அக்காவும் பாவாவும் வந்து நின்றார்கள். குழந்தையின் மொட்டைக்கு அன்றுதான் நாள் பார்த்திருந்தார்கள். கூடவே அத்தை, அத்தையோடு இன்னும் சிலர், பாத்திரங்கள், விறகு.

"ஆட்டோ சொல்லிடலாம்" என்றேன்.

பாவா சிரித்தார். சாதாரணமாகத்தான் கேட்டார். "வண்டி சரியாயிடுச்சுன்னு நீங்கதான சொல்லிகினு கீறீங்க. கரும்பு ஏத்தற வண்டில கொழந்தய ஏத்த பயமா?"

நைனா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. அவர் பார்த்தார் என்பது எனக்குத் தெரியும்.

"டிரெய்லர மாட்டு" என்றார்.

ஆட்டோவில் அனுப்பினால் வண்டியை அவரே நம்பவில்லை என்று ஆகிவிடும். நம்பவில்லை என்றால் அந்த ரசம் சாப்பிட்ட நாளின் பேச்சு அன்றே முடிந்துவிடும். அவருக்கு வேறு வழி இருந்தது என்று இன்று வரை என்னால் சொல்ல முடியவில்லை.

சமதரையில் என்ஜின் நன்றாகப் பாடியது. அடிவாரம் தாண்டியதும் முதல் கியர். டிரெய்லர் பின்னால் இழுத்தது. சூடுமானியின் முள்ளை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது அவசரப்படாமல் ஏறியது. பிறகு ஓர் ஓசை, ஈரத்துணியை உதறினால் வருமே, அது மாதிரி.

திரும்ப அந்த வளைவு

எல்லோரும் நடந்து மேலே போய்விட்டார்கள். அத்தையின் குரல் மட்டும் வளைவுக்கு அப்பாலிருந்து கொஞ்ச நேரம் கேட்டது. கீழே ஊரும் ரயில் பாதையும் தெரிந்தன. ஒரு குரங்கு டிரெய்லரில் ஏறி எலுமிச்சம்பழத்தை எடுத்து, கடித்து, பிடிக்காமல் போட்டுவிட்டுப் போனது.

நைனா கடைசியில் காலை எடுத்தார். இறங்கி என்ஜினின் பக்கத்தில் குந்தினார்.

"டிரெய்லர மாட்டியிருக்கக் கூடாது" என்றார். "நீ சொன்ன. நாந்தான் கேக்கல. திரும்ப ஒரு தகடு போட்டு, பாரம் ஏத்தாம, நீ சொன்னாப்ல இறுக்கி…"

வண்டியை அன்று மாலை வேறொரு டிராக்டரில் கட்டிக் கீழே இறக்கினோம். இரண்டு நாள் கழித்துத் தணிகாசலம் ஹெட்டுகளைக் கழற்றினார். ஒரிஜினல் ஹெட்டின் கீழே தகடு நன்றாக இருந்தது. நடு ஹெட்டும் பரவாயில்லை. மூன்றாவது ஹெட்டின் முகத்தில் நெருப்பு வளையம் ஒரு பள்ளமே போட்டிருந்தது. நகத்தை வைத்தால் நகம் நின்றது. பள்ளத்தின் ஒரு பக்கம் கருகி, தண்ணீர் ஓட்டை வரைக்கும் ஒரு கோடு.

பாவா குனிந்து பார்த்தார். அவர் மடியில் சுமந்து வந்த ஹெட். பள்ளத்தை விரலால் தடவினார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் நின்றார்.

"இன்னொரு தகடு போடலாமில்ல?" என்றார் நைனா என்னிடம். "இந்த வாட்டி வெறும் வண்டி. யாரு வந்து கேட்டாலும் மாட்ட மாட்டேன்."

அவர் முகத்தில் வெட்கம் இருந்தது. வெட்கத்தோடு கூடவே வேறொன்றும் இருந்தது. அதைப் பார்த்த பிறகு பொய் சொல்வது சுலபம். ஆனால் கரும்பு ஏற்றிய பிறகு, ரோட்டின் நடுவில், அது தானாகவே தெரிந்துவிடும்.

"தகடு சரியானதுதான் நைனா. அது உக்கார எடந்தான் தாங்கல. பாரம் ஏத்தாம போயிருந்தா கொஞ்ச நாளு ஓடியிருக்கும். அப்புறம் இதேதான்."

"எது போட்டாலுமா?"

"ஆங்."

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகுதான் அவர் தளர்ந்தார். மலையில் தளரவில்லை, கட்டி இழுத்துவரும்போது தளரவில்லை. டிரெய்லரை மாட்டியது தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தவரை அவரிடம் ஏதோ மிச்சம் இருந்தது. தப்பு செய்திருந்தால் அடுத்த முறை செய்யாமல் இருக்கலாம். தப்பே இல்லை என்றால் என்ன செய்வது?

காலையில்

கரும்பை வாடகை டிராக்டர் ஏற்றிப் போனது. மறுபடி துளிர்க்கட்டும் என்று மறுதாம்பு விடவில்லை. வெட்டிய கட்டைகள் காய்ந்தன. பாவா வந்து கூச்சத்தோடு நின்றபோது நைனாவே முன்னால் நடந்து எல்லையைக் காட்டினார். மஞ்சள் பூசிய கற்களை நட்டார்கள். மணவூர் ஸ்டேஷனிலிருந்து எத்தனை நிமிடம் என்று போர்டு வைத்தார்கள்.

டிராக்டரை வாங்க ஆள் வரவில்லை. வந்த ஒருவரும் ஹெட்டைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். தணிகாசலம் மழைக்காக எல்லாவற்றையும் பழையபடி பூட்டி வைத்தார், அதே தகடுகளோடு. மோட்டார் கொட்டகை ஓரம் அது நிற்கிறது.

நான் ரயிலுக்குக் கிளம்பும் நேரத்தில் நைனா அங்கே இருப்பார். ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்ப்பார். தண்ணீர் குறைந்திருக்கும். சொம்பிலிருந்து ஊற்றுவார், நிதானமாக, ஒரே தடவையில் ஊற்றாமல். மூடுவார். மறுநாள் காலை மறுபடியும் குறைந்திருக்கும்.

அது அந்தப் பள்ளத்தின் வழியாக உள்ளே இறங்கி ஆயிலோடு கலந்துகொண்டிருக்கிறது. அவருக்கும் தெரியும். போன வாரம் நான் செருப்பு மாட்டும்போது கூப்பிட்டார்.

"இன்னிக்கி கொஞ்சந்தான் கொறஞ்சிகீது" என்றார்.

"ஆங், நைனா" என்றேன்.